மரகதக் குகைக்குள் நீந்திச் செல்வது எப்படி: தாய்லாந்தின் கோ முக் தீவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாய்லாந்தின் தென்மேற்கே, அந்தமான் கடலில், டிராங் மாகாணத்தைச் சேர்ந்த கோ முக் என்னும் சிறு தீவின் மேற்குப் பாறைச் சுவரில், கடல்மட்டத்தை ஒட்டி ஒரு தாழ்ந்த துளை இருக்கிறது. படகில் அதைக் கடந்து செல்பவர்களுக்கு அது ஒரு நிழலாக மட்டுமே தெரியும். ஆனால் அந்தத் துளைக்குள் ஏறத்தாழ 80 மீட்டர் தொலைவு நீந்திச் சென்றால், நாற்புறமும் செங்குத்தான பாறைகள் சூழ்ந்த, மேலே வானம் மட்டும் திறந்திருக்கும் ஒரு சிறு குளமும் வெண்மணற்கரையும் வந்துவிடும். தாய் மொழியில் அதன் பெயர் தாம் மொரகோட். ‘தாம்’ என்றால் குகை. ‘மொரகோட்’ என்பது நாம் மரகதம் என்கிறோமே, அதே சொல்தான். இரண்டும் ஒரே வடமொழி வேரிலிருந்து இரு கரைகளுக்குப் பிரிந்து போனவை.

இந்தக் குகையைப் பார்க்கச் சென்று ஏமாற்றத்துடன் திரும்புவோர் பலர். பெரும்பாலும் அவர்கள் தவறவிடுவது வழியை அல்ல, வேளையை. கடல் எப்போது இறங்கியிருக்கும் என்பதை முதலில் கணக்கிட்டு, அதன்பின் தேதியையும் தங்குமிடத்தையும் படகையும் முடிவு செய்ய வேண்டும். வழக்கத்தில் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் சென்றேன். பௌர்ணமிக்கு மறுநாள், பக்கத்துத் தீவிலிருந்து புறப்பட்ட ஒரு சுற்றுலாப் படகில், முற்பகல் பதினொன்றரை மணிக்குக் குகை வாயிலை அடைந்தபோது, நீருக்கும் பாறைக்கூரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியே இருந்தது. ஒவ்வொரு அலைக்கும் அதுவும் மூடிக்கொண்டது. இருபது பேரும் பத்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

குகையின் கதை

டிராங் கரையோரத்துத் தீவுகள் 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பெர்மியன் காலத்துச் சுண்ணாம்புப் பாறைகளால் ஆனவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, பாறையை மேலிருந்து அரிக்கிறது. கடல் அதே பாறையைப் பக்கவாட்டிலிருந்து அரிக்கிறது. உள்ளே உருவான வெற்றிடத்தின் கூரை ஒரு காலத்தில் இடிந்து விழ, வானத்துக்குத் திறந்த கிணறு போன்ற ஓர் அமைப்பு உண்டாகிறது. அதைத் தாய் மக்கள் ‘ஹாங்’ என்பர். அவர்கள் மொழியில் அதற்கு ‘அறை’ என்று பொருள்.

கடற்கொள்ளையர் தம் புதையலை இந்த அறையில் ஒளித்து வைத்திருந்தனர் என்பது தீவில் எல்லோரும் சொல்லும் கதை. உழவாரக் குருவியின் கூடுகளைச் சேகரிக்க வந்தவர்களே இந்தச் சுரங்கத்தை வெளியுலகுக்குக் காட்டினர் என்பது இன்னொரு கதை. எச்சிலால் கட்டப்படும் அந்தக் கூடுகள் சீனச் சமையலில் பொன் விலைக்குப் போவன. அவற்றுக்காக மனிதர்கள் மூங்கில் சாரத்தில் ஏறி, நுழையாத பாறையிடுக்கே இந்தக் கரையில் இல்லை எனலாம். ஆகவே புதையல் கதையை விடக் கூட்டுக் கதையை நம்புவது எனக்கு எளிதாக இருக்கிறது.

கொள்ளையர் இருந்தனரோ இல்லையோ, கொள்ளையடிக்கத் தக்க சரக்கு இந்தக் கடலில் நெடுங்காலமாகப் போய்வந்தது உண்மை. டிராங்குக்கு வடக்கே, கிராபி மாகாணத்தின் கிளாங் தோம் என்னும் இடத்தில், ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்த, கி.பி. 3-4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பொற்கொல்லனின் உரைகல் ஒன்று கிடைத்திருக்கிறது. இன்னும் வடக்கே தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

முதல் வேலை: நாளையும் நேரத்தையும் குறிப்பது

குகை வாயில் மேற்கு நோக்கியது. ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அலைகளை நேராக அதன் மேல் தள்ளுவதால், மழைக்காலத்தின் பெரும்பகுதிக்குத் தேசியப் பூங்கா நிர்வாகம் குகையை மூடிவிடுகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரையே பயணத்துக்கு உரிய காலம்; அதிலும் கடல் மிக அடங்கியிருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில்.

மாதத்தை முடிவு செய்தபின் திதியைப் பார்க்க வேண்டும். இது சோதிடத்துக்காக அன்று. கடல்மட்டம் உயர்வதை ஏற்றம் என்றும் தாழ்வதை வற்றம் என்றும் சொல்கிறோம். இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஒவ்வொரு நாளும் எல்லாமே சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் பின்னர் ஏற்றமும் வற்றமும் மிகப் பெரியவையாக இருக்கும். அப்போது இரண்டுக்குமான வேறுபாடு இரண்டு மீட்டரைத் தாண்டும். அட்டமியை ஒட்டிய நாட்களில் அந்த வேறுபாடு சுருங்கிவிடும்.

வழிகாட்டிகளில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு செய்தி இங்கே முக்கியமாகிறது. அந்தமான் கரையின் இந்தப் பகுதியில், பெரிய ஏற்றங்கள் வரும் நாட்களில் உச்ச ஏற்றம் நண்பகலை ஒட்டியும், வற்றம் அதிகாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள்ளும் மாலையில் அதே வேளையிலும் விழுகின்றன. சுற்றுலாப் படகுகள் வந்து சேரும் முற்பகல் வேளையில் அன்று குகை வாயில் நீரால் நிறைந்திருக்கும் என்பதே இதன் பொருள். பௌர்ணமி நிலவைக் கடற்கரையில் பார்க்க வேண்டும் என்று நாள் குறிப்பவர்கள் குகையை இழப்பது இப்படித்தான். மாறாக, அட்டமி முதல் ஏகாதசி வரையிலான நாட்களில் பகல் நேர வற்றம் தோராயமாகப் பத்து மணிக்கும் பன்னிரண்டரை மணிக்கும் இடையே வரும். அது முழு வற்றம் அன்று. ஆயினும் தலைக்கு மேல் போதிய இடம் விடும். சூரியன் உயர்ந்திருக்கும் அந்த வேளையில்தான் வாயிலில் பட்டு உள்ளே பாயும் ஒளியால் நீர் பச்சையாக எரியும். குகைக்குப் பெயர் தந்த நிறத்தைக் காண விரும்புவோர் இந்த நாட்களையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறத்தை விடத் தனிமை பெரிது என்று கருதுவோருக்கு வேறு வழி உண்டு. பெரிய வற்றத்தின் நாளில், விடிந்த உடனே, ஆறரை மணியளவில் செல்லலாம். சூரியன் மலைக்குப் பின்னால் இருப்பதால் பச்சை ஒளி மங்கலாகவே இருக்கும்; ஆனால் உள்ளே மணற்கரை அகன்று கிடக்கும், வேறு ஒரு மனிதக் காலடியும் அதில் இராது. நான் இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் இதையே பரிந்துரைப்பேன். மாலை வற்றத்தை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். உள்ளே சற்றுத் தாமதித்தாலும் திரும்பும்போது கடலிலும் இருட்டிவிடும்.

திதி தோராயமான கணக்கு மட்டுமே. செல்லும் நாளுக்குரிய துல்லியமான நேரத்தை, தாய்லாந்துக் கடற்படையின் நீர்வரைவியல் துறை வெளியிடும் ஏற்ற வற்ற அட்டவணையிலோ, நம்பகமான ஒரு கைப்பேசிச் செயலியிலோ, டிராங் மாகாணத்துத் துறைமுகமான காந்தாங் நிலையத்துக்கு உரியதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். செயலி காட்டும் நேரம் தாய்லாந்து நேரமா என்பதையும் உறுதி செய்துகொள்ளவும். அது இந்திய, இலங்கை நேரத்தை விட ஒன்றரை மணி முந்தியது. ஒன்றரை மணிப் பிழை இங்கே பயணத்தையே கெடுத்துவிடும்.

தீவுக்குப் போய்ச் சேர்தல்

தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் 2025 மே 1 முதல் மின்னணு வருகை அட்டையை, நாட்டுக்கு வந்து சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது அன்று. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் புறப்படும் முன் தூதரகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளவும்.

பாங்காக்கின் டோன் முயாங் விமான நிலையத்திலிருந்து டிராங் நகருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். இரவு ரயிலும் உண்டு. 2023 ஜனவரி முதல் தெற்கு நோக்கிய நெடுந்தூர ரயில்கள் பழைய ஹுவா லம்போங்கிலிருந்து அல்லாமல் புதிய மத்திய நிலையத்திலிருந்து புறப்படுகின்றன என்பதை மறக்க வேண்டாம். டிராங்கிலிருந்து வேனில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் குவான் துங் கு என்ற படகுத்துறை வரும். அங்கிருந்து படகில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சென்றால் கோ முக். வேன், படகு இரண்டுக்கும் சேர்த்து டிராங் ரயில் நிலையத்தின் எதிரே உள்ள முகவர்களிடம் ஒரே சீட்டாக வாங்குவது எளிது. தேவையான ரொக்கத்தையும் டிராங்கிலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

கோ லந்தா போன்ற தீவுகளிலிருந்து ஒரே நாளில் நான்கு தீவுகளைக் காட்டித் திரும்பும் படகுகளும் இந்தக் குகைக்கு வருகின்றன. செலவும் அலைச்சலும் குறைவுதான். ஆனால் அவற்றின் நேரம் அவற்றின் அட்டவணைப்படி, கடலின் அட்டவணைப்படி அன்று. கோ முக்கிலேயே குறைந்தது இரண்டு இரவு தங்கினால், ஒரு நாள் அலை மிகுந்திருந்தாலும் மறுநாள் கையில் இருக்கும். இந்த வழிகாட்டியில் ஒரே ஓர் அறிவுரையை மட்டும் பின்பற்ற இயலும் என்றால், இதைப் பின்பற்றவும்.

தீவின் கிழக்குக் கரையில் மீனவ ஊரும் துறையும் இருக்கின்றன. மேற்கே பராங் கடற்கரை. குகைக்கு அதுவே அருகில். பக்கவாட்டில் தொட்டி பொருத்திய மோட்டார் சைக்கிள்களே தீவின் வாடகை வண்டிகள். ஊரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்; நீச்சலுடையுடன் ஊருக்குள் நடப்பது அவர்களுக்கு மதிப்புக் குறைவு.

படகு பேசுதல்

முந்தின நாள் மாலையே பராங் கடற்கரையில் ஒரு நீள்வால் படகைப் பேசிவிட வேண்டும். ஒரு மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பின்புறத்தில் ஏற்றி, அதிலிருந்து நீளும் தண்டின் நுனியில் சுழலியைப் பொருத்திய மரப்படகு அது. முன்மூக்கில் வண்ணத்துணிகள் கட்டியிருக்கும். அவை படகைக் காக்கும் தெய்வத்துக்கு உரியவை என்பதால் அவற்றின் மேல் கால் வைக்கவோ, தாண்டவோ கூடாது. ஏறும்போது பக்கவாட்டில் ஏறவும்.

படகுக்காரரிடம் விலையை மட்டும் பேசிவிட்டு வந்துவிடாமல், அவரே குகைக்குள் உடன் வருவாரா, அவருடைய தலைவிளக்கு நீர் புகாததா, ஆளுக்கு ஓர் உயிர்காப்பு உடை இருக்கிறதா, குழந்தைகளுக்கான அளவு உண்டா, தேசியப் பூங்காவின் நுழைவுக்கட்டணம் விலையில் அடங்குமா என்றெல்லாம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். இந்தப் பகுதி 1981இல் அறிவிக்கப்பட்ட ஹாட் சாவ் மாய் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் தனி. பின்னர் நீங்கள் குறித்த வற்ற நேரத்தைச் சொல்லி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கவும். அவர் வேறு நேரம் சொன்னால், உங்கள் செயலியை மூடிவிட்டு அவர் பேச்சைக் கேட்பதே அறிவு. பணத்தைத் திரும்பி வந்தபின் கொடுக்கவும்.

உடுப்பைப் பொறுத்தவரை, முழுக்கை நீச்சல்சட்டையே போதும். அது பாறைச் சிராய்ப்பையும் வெயிலையும் ஒருங்கே தடுக்கும். பவளத்துக்குக் கேடு விளைவிக்கும் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட், 4-மெத்தில்பென்சிலிடீன் கேம்பர், பியூட்டில்பாராபென் ஆகிய நான்கில் எது கலந்த வெயில்காப்புக் களிம்பையும் தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் பயன்படுத்த 2021 ஆகஸ்டு முதல் தடை உள்ளது. மீறினால் அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. காலுக்கு நழுவாத நீர்க்காலணி, கைப்பேசிக்கு நீர் புகாத பை, ஆளுக்கு ஒரு சிறு தலைவிளக்கு ஆகியவை தேவை. வேறெதையும் படகிலேயே விட்டுவிடலாம்.

வாயிலில் ஐந்து நிமிடம்

கடற்கரையிலிருந்து பத்து நிமிடத்தில் படகு பாறைச் சுவரின் கீழ் வந்து நிற்கும். படகுகள் உள்ளே செல்வதில்லை; மிதவையில் கட்டிவிட்டு எல்லோரும் நீரில் இறங்க வேண்டும். உடனே இறங்கிவிடாமல், ஐந்து நிமிடம் வாயிலைப் பார்க்கவும். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை; பல சிறிய அலைகளுக்குப் பின் இரண்டு மூன்று பெரியவை சேர்ந்து வரும். அந்தப் பெரிய அலை வரும்போது நீருக்கும் கூரைக்கும் இடையே எவ்வளவு இடம் எஞ்சுகிறது என்பதே கணக்கு. இடைவெளி பாதிக்கும் கீழே குறைந்தால், அல்லது குகைக்குள்ளிருந்து ‘தொப்’ என்று காற்று அடைபட்டு வெடிப்பது போன்ற ஓசை கேட்டால், அன்று உள்ளே செல்ல வேண்டாம்.

நீச்சல் தெரியாதவர்களும் உயிர்காப்பு உடையுடன் இந்தக் குகைக்குள் செல்கிறார்கள். ஒருவர் உடையின் வாரை மற்றவர் பிடித்துக்கொண்டு சங்கிலியாக மிதக்க, முன்னே செல்பவர் இழுத்துப் போவார். ஆனால் மூடிய இடங்களில் அச்சம் கொள்வோர், ஆஸ்துமா உள்ளவர்கள், இருட்டில் அழுது துள்ளும் வயதுக் குழந்தைகள் படகிலேயே இருப்பது நல்லது. பாதி வழியில் மனம் மாறினால் திரும்புவதற்கு அங்கே அகலம் போதாது, பின்னால் ஆட்களும் வந்துகொண்டிருப்பார்கள்.

எண்பது மீட்டர்

முதல் இருபது மீட்டர் எளிது. வெளியிலிருந்து வரும் ஒளி நீருக்கு அடியில் மணலில் பட்டு மேலெழும்புவதால், நீர் தானாகவே ஒளிர்வது போல் தோன்றும். உங்கள் கைகளும் கால்களும் பச்சை விளிம்பு கட்டித் தெரியும். இங்கே நின்று திரும்பிப் பார்க்கவும். மரகதம் இதுதான். பலர் முன்னே இருக்கும் இருளையே பார்த்துக்கொண்டு இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

பின்பு சுரங்கம் வளைகிறது, ஒளி சட்டென்று அணைகிறது. இனித் தலைவிளக்கின் வட்டம் மட்டுமே. நீங்கள் மல்லாந்து மிதக்காமல் குப்புற நீந்தி, ஒரு கையைத் தலைக்கு முன்னே நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கூரை திடீரெனத் தாழும் இடங்களில் கைதான் முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும், நெற்றி அன்று. சுவரைப் பிடிக்க வேண்டாம். நீர்மட்டத்தை ஒட்டிய பாறையில் சிப்பிகள் கத்தி முனைகளாக ஒட்டியிருக்கும். எதிரே வருபவர்களின் விளக்கு தெரிந்தால் வலப்பக்கம் ஒதுங்கி, அவர்கள் கடந்தபின் தொடரவும். அலை உள்ளே வரும்போது உடல் ஒரு முழம் உயர்ந்து, பிறகு பின்னே இழுக்கப்படும். அதை எதிர்த்துக் கை வீச வேண்டியதில்லை, அடுத்த அலை அதை விடக் கூடுதலாக முன்னே தள்ளிவிடும். அந்த இருளில் நீர் மூச்சுவிடுவது போல் ஒலிக்கும். சிலர் அச்சத்தைப் போக்கக் கூச்சலிடுவார்கள். எதிரொலி அச்சத்தை இரட்டிப்பாக்குமே தவிரக் குறைக்காது.

ஐந்து நிமிடத்துக்குள் முன்னே ஒரு சாம்பல் நிறக் கீற்று தெரியும். அது விரியும். கால் மணலில் தட்டும்.

உள்ளே

உயர்ந்த சுவர்கள், அவற்றில் தொங்கும் கொடிகள், பசுமரங்கள், நடுவே இடுப்பளவு நீர், அதன் கரையில் மணல். வானம் ஒரு மூடியின் அளவுக்கே தெரியும்.

மணலில் ஏறியதும் முதல் வேலையாக, ஒரு காலணியைக் கழற்றி நீரின் விளிம்பில் வைக்கவும். பத்து நிமிடம் கழித்து அது நனையாமல் நீர் விலகியிருந்தால் இன்னும் வற்றம். நனைந்து மிதக்கத் தொடங்கினால் ஏற்றம் ஆரம்பித்துவிட்டது. ஏற்றம் சீராக வருவதில்லை என்பதை நினைவில் கொள்ளவும். ஆறு மணி நேர உயர்வில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கே ஏறும்; இரண்டாம் மணியில் இரண்டு பங்கு; மூன்றாம், நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கு. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடவாதது போல் இருந்துவிட்டு, பிறகு கடல் விரையும். ஆகவே வற்ற நேரத்துக்கு ஒரு மணி முன் நுழைந்து, வற்றத்துக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் வெளியேறிவிடுவது பாதுகாப்பான கணக்கு. உள்ளே இருக்க அரை மணி நேரமே போதும்.

கொடிகளைப் பிடித்து ஏற வேண்டாம். சுண்ணாம்புப் பாறை உதிரும். சிப்பி, மணல், கல் எதையும் எடுத்துவரக் கூடாது. உணவும் நெகிழியும் உள்ளே வரவே கூடாது. கோ முக்கையும் அடுத்துள்ள கோ லிபோங்கையும் சுற்றியுள்ள கடற்புல் வெளிகள் ஆவுளியா எனப்படும் கடற்பசுக்களின் மேய்ச்சல் நிலம். 2019இல் கோ லிபோங்கில் வளர்க்கப்பட்ட மரியம் என்ற ஆவுளியாக் குட்டி ஆகஸ்டு மாதத்தில் இறந்தபோது, அதன் குடலில் நெகிழித் துண்டுகள் இருந்தன.

திரும்புதல்

வெளியேறும் நீச்சல் உள்ளே வந்ததை விட எளிதாகத் தோன்றும், ஏனெனில் வளைவைத் தாண்டியதும் ஒளி எதிரே இருக்கும். ஆனால் வாயிலில்தான் கவனம் தேவை: அங்கே படகுகள் சூழ்ந்து நிற்கும், சில எஞ்சினை அணைத்திரா. சுரங்கத்தின் ஓரத்திலேயே நின்று, உங்கள் படகுக்காரர் கைகாட்டிய பின்னரே திறந்த நீருக்கு வரவும். சுழலித் தண்டு நீளமானது; படகின் பின்புறத்தை அணுகவே கூடாது.

கை கால் சிராய்ந்திருந்தால் நன்னீரில் கழுவிக் கிருமிநாசினி இடவும். சிப்பி வெட்டு சிறிதாயினும் எளிதில் சீழ்பிடிக்கும். அவசர மருத்துவ உதவிக்கு 1669, சுற்றுலாக் காவல்துறைக்கு 1155 ஆகிய எண்களைப் புறப்படும் முன்பே கைப்பேசியில் பதிந்து வைக்கவும். படகில் ஏறியபின் படகுக்காரரைப் பாறைச் சுவரை ஒட்டி மெதுவாக வடக்கே ஒரு சுற்றுக் கொண்டுபோகச் சொன்னால், பெரும்பாலும் மறுக்க மாட்டார். அப்போது திரும்பிப் பார்த்தால், நீங்கள் இப்போதுதான் வெளியே வந்த துளை எது என்று உங்களுக்கே தெரியாது.